கடைமடை காயாத மடல்

ஒட்டுறுப்பு அறுவைப் பிரிவின் தலைமை மருத்துவர் டாக்டர் சந்திரலேகா அவர்களின் பணிநிறைவு விழாவில், வார்டார் அனைவரும் கூடி வாசித்தளிக்கும் பாராட்டு மடல்

காவிரி நுழைந்த கழனியெல்லாம் கதிர் பிடிக்கும், தங்கள் கை நுழைந்த காயமெல்லாம் புதுத்தோல் பிடிக்கும் என்று தஞ்சைத் தரணியே தலையசைத்துச் சொல்லும் தகைமையாளரே, கத்தி எடுத்த கையிலும் கனிவு குறையாத கருணையாளரே, வெந்ததையும் வெட்டுண்டதையும் வெறுத்து ஒதுக்காமல் வேண்டி எடுத்து ஒட்டித் தந்த வித்தகரே, மாண்பும் மரியாதையும் தேடி வந்து வாசலில் நிற்க, டிரஸ்ஸிங் பாக்கியிருக்கிறது என்று அவற்றைக் காக்க வைத்த எங்கள் அன்புக்குரிய டாக்டரம்மா அவர்களே, வணக்கம்.

இதற்கு மேல் ஓர் அடைமொழி சேர்த்தாலும் நீங்கள் எழுந்து வார்டுக்குப் போய்விடுவீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். மருத்துவமனையின் வெள்ளி விழாவில் மேடையேறிய ஒருவர் "தாங்கள் தெய்வம்" என்று ஆரம்பித்ததும், "ஒரு நிமிஷம், வந்துடறேன்" என்று போன நீங்கள் திரும்பி வரவேயில்லை. விரித்துப் பிடித்த பொன்னாடையை என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் இருந்த மயக்க மருத்துவர் டாக்டர் உலகநாதனுக்குப் போர்த்தினார்கள். அது இன்றும் அவர் வீட்டு டி.வி.க்கு உறையாக இருக்கிறது.

ஆகவே இந்த முறை ஓர் உபாயம் செய்திருக்கிறோம். இனி இந்த மடலில் 'நீங்கள்' கிடையாது. யாரோ ஒரு டாக்டரம்மாவைப் பற்றிக் கதை சொல்கிறோம், யாரையோ சொல்கிறார்கள் என்று நீங்கள் பாட்டுக்கு உட்கார்ந்து கேளுங்கள். கடைசியில் ஒரே ஒரு முறை 'நீங்கள்' என்போம். அதற்குள் எழுந்துவிடாமல் இருக்கப் பக்கத்து நாற்காலியில் டாக்டர் உலகநாதனையே உட்கார வைத்திருக்கிறோம். அசையும் ஆட்களை அசையாமல் வைப்பதுதான் அவர் தொழில். எழுதும் கை வார்டு சிஸ்டர் நீலாயதாட்சியுடையது, சொல்லும் வாய் வார்டு முழுவதுடையது.

ஓர் ஊரில் ஒரு டாக்டரம்மா இருந்தார். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இந்த ஊருக்கு அவருடைய படிப்பே புரியவில்லை. 'பிளாஸ்டிக் டாக்டர்' என்றுதான் பெயர். "பிளாஸ்டிக் வச்சுத் தைச்சா வெயில்ல உருகிடாதுங்களா?" என்று கேட்டவர்கள் உண்டு. "நம்ம வெயிலுக்கு உருகாத பிளாஸ்டிக்குங்க, உங்க தொடையிலேர்ந்தே எடுக்கறது" என்று அவர் சொல்லுவார். கேட்டவர்கள் தொடையைத் தடவிப் பார்த்துக்கொண்டே போவார்கள்.

தீயில் வெந்த முகங்களை மீட்டார், கதிரடிக்கும் மெஷினில் போன விரல்களை மீட்டார். அதையெல்லாம் சொல்ல மற்ற பிரிவினர் இருக்கிறார்கள். நாங்கள் சொல்ல வந்தது யாரும் மேடையில் சொல்லாத ஓர் இடத்தைப் பற்றி. முகத்தில் அடிபட்டால் ஊருக்கெல்லாம் காட்டி ஆறுதல் வாங்கிக்கொள்கிற மனிதன், தொடையும் வயிறும் சேரும் கவட்டியில் அடிபட்டால் பெற்ற தாய்க்கும் காட்ட மாட்டான். "இடுப்புல" என்பான், "தொடையில" என்பான், மிஞ்சிப்போனால் "கீழ" என்பான். புண் அழுகி நாற்றம் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பான்.

அது பொல்லாத இடமும்கூட. காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய நாளம் அங்கேதான் தோலுக்கு வெகு அருகில் ஓடுகிறது. உட்கார்ந்தால் மடங்கும், நடந்தால் உராயும், வேர்த்தால் ஊறும். புற்றுநோய்க்கு நெறிக்கட்டி எடுத்த குழியோ, மாடு முட்டிய குழியோ, சதை போய்விட்டால் வெறும் தோலை ஒட்டி மூட முடியாது. பக்கத்து இடத்திலிருந்து சதையும் தோலுமாக ஒரு பாளத்தை, அதற்கு ரத்தம் தரும் குழாய் அறாமல் எழுப்பி, அப்படியே திருப்பி வைத்து மூட வேண்டும். அந்தப் பாளத்துக்கு மருத்துவத் தமிழில் 'மடல்' என்று பெயர். எங்கள் டாக்டரம்மாவுக்கு, மன்னிக்கவும், அந்த யாரோ டாக்டரம்மாவுக்கு, இந்த மடல் கைவந்த கலை.

ஒரு புரட்டாசியில் அவரிடம் சபரிநாதன் வந்து சேர்ந்தான். இந்தக் கதையைச் சொல்லலாமா என்று அவனிடமே கேட்டோம். "பேரோட சொல்லுங்க, இடத்தோட சொல்லுங்க" என்றான். ஏன் அப்படிச் சொன்னான் என்பது போகப் போகத் தெரியும்.

ஒரத்தநாட்டுக்குத் தெற்கே, கால்வாய்த் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை ஊர் அவனுடையது. சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலை. தையில் கல்யாணம் என்று நிச்சயமாகி, வீட்டுக்குப் பூச்சு வேலை முடிக்க முன்கூட்டியே வந்திருந்தான். வந்த இடத்தில் சும்மா இருக்காமல் அப்பா துரைராசுவுக்கு உதவியாகச் சேற்றுழவுக்கு இறங்கினான். சேற்றில் புதையாதிருக்க டிராக்டரில் மாட்டியிருந்த இரும்புக் கேஜ் வீலில் கட்டியிருந்த கைலி சிக்கிக்கொண்டது. கைலியோடு போயிருக்க வேண்டியவன், கவட்டிச் சதையை மட்டும் கொடுத்துத் தப்பினான்.

சேறு புகுந்த காயம் தையலுக்கு அடங்காது. ஊரில் போட்ட தையல் பிரிந்து, காயம் கறுத்து அழுகிய பிறகு எங்களிடம் வந்தான். டாக்டரம்மா கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"எங்க அடி, தம்பி?"

"தொடையில, மேடம்."

"தொடையில எங்க?"

"மேல."

"மேலன்னா?"

சபரிநாதன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

"தம்பி, மூக்க மூக்குன்னு சொல்ல வெக்கப்படறமா? அதுவும் உங்க உடம்புதான், அதுக்கும் பேரு இருக்கு. கவட்டின்னு ஒரு தடவ சொல்லுங்க, பாதி பயம் போயிடும்."

அன்று அவன் சொல்லவில்லை. சுவரும் சொல்லவில்லை.

கழுவிக் கழுவிச் செத்த சதையை எடுத்த பிறகு, குழியின் அடியில் பெரிய நாளம் துடிப்பது கண்ணுக்கே தெரிந்தது. அது ஈரம் காய்ந்து வெடித்தால் உயிர் போகும், வெடிக்கும் முன் கட்டிப்போட்டால் கால் போகும். இரண்டுக்கும் நடுவே ஒரே வழிதான், மடல். துரைராசு தோளில் கிடந்த துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றார். "கால் நிக்குமாம்மா? மணவறையில ஏறி உக்காரணும் அவன்" என்றார். மகன் உயிர் அவருக்கு ஒரு கண், மணவறை மறு கண்.

"நிக்க வச்சிடலாம்னுதான் பாக்கறோம், ஐயா. நாளைக் கழிச்சு ஆபரேசன். நல்ல மடலா ஒண்ணு வச்சு மூடணும். மடல் நல்லா அமைஞ்சா எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா ஆபரேசன் தியேட்டருக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை வார்டில் துரைராசுவைக் காணவில்லை. மகனை விட்டுவிட்டு மனிதர் எங்கே போனார் என்று நாங்கள் தேட, ரவுண்டு நடக்கிற நேரத்தில் ஒரு பெரிய கோணிச் சுருளோடு வேர்த்து விறுவிறுத்து வந்தார். டாக்டரம்மா முன்னால் அதை அவிழ்த்தார். உள்ளே பச்சைப் பசேலென்று வாழை மடல்கள்.

"திருவையாத்துப் படுகையிலேர்ந்து உரிச்சாந்தேன், டாக்டரம்மா. நம்மூர்ல வாழ சரியில்லைங்க. மொந்தன் மடல், ஒரு கீறல் இருக்காது. எத்தன வேணும்னு நீங்க சொல்லலயா, அதான் சேத்தே கொண்டாந்துட்டேன்."

அவர்மேல் தப்பில்லை. அடுத்த கட்டிலில் தீப்புண்காரருக்கு வாழையிலையை அவித்துத்தான் புண்மேல் போட்டிருந்தோம். புண்ணுக்கு ஒட்டாமல் குளிர்ச்சியாக இருக்கும் என்று இங்கே நெடுநாள் வழக்கம். அதைப் பார்த்த மனிதர், அங்கே இலை, இங்கே மடல் என்று கணக்குப் போட்டுவிட்டார். வார்டு சிரித்தது. பயிற்சி டாக்டர்கள் கேஸ் ஷீட்டால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார்கள். டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஒரு மடலை எடுத்துக்கொண்டு துரைராசுவுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"நல்ல மடல்தான், ஐயா. ஆனா உரிச்சிட்டீங்களே, சாயந்திரத்துக்குள்ள வாடிடும்ல?"

"வாடிடுந்தான்."

"மரத்துல ஒட்டியிருந்தா?"

"அது பாட்டுக்குப் பச்சையா இருக்கும்."

"அதுதான் விஷயம். நாங்க உரிக்க மாட்டோம். உங்க மவன் வயித்துச் சதையிலேர்ந்தே ஒரு மடலக் கெளப்பி, அடி ஒட்டியிருக்கப் பாத்துக்கிட்டு, அப்படியே கீழ திருப்பிக் கவட்டியில வைப்போம். ரத்தம் அடிவயித்துப் பக்கத்துலேர்ந்து உள்ள வரும். உங்க வயலு எங்க இருக்கு?"

"கடைமடைங்கம்மா."

"தலைமடையில தண்ணி வந்தா உங்களுக்கு வந்துடுமா?"

துரைராசு முதல் முறையாகச் சிரித்தார். "அது எப்படிங்க? அத்தன பேர் வயலத் தாண்டியில்ல வரணும்."

"இந்த மடலுக்கும் ஒரு கடைமடை இருக்கு. நுனி. அதுதான் உங்க மவனோட பெரிய குழாய் மேல உக்காரப் போவுது. ரத்தம் அந்த நுனி வரைக்கும் போய்ச் சேருதான்னுதான் நாங்க தெனமும் பாப்போம். சேந்துச்சுன்னா கால் பொழைச்சிடும்."

அன்று முதல் எங்கள் வார்டில் மடலின் நுனிக்குக் கடைமடை என்றே பெயர். சென்னையிலிருந்து பயிற்சிக்கு வருகிற டாக்டர்களும் இரண்டே நாளில் "கடைமடை எப்படி இருக்கு சிஸ்டர்?" என்று கேட்கப் பழகிவிடுகிறார்கள். கொண்டுவந்த மடல்களை டாக்டரம்மா வீணாக்கவில்லை. கிழித்து நாராக்கி, ஆயாக்களுக்கெல்லாம் பூக்கட்டக் கொடுத்தார்.

அன்று மத்தியானம் இன்னொருவர் வந்தார். கல்யாணப் பெண் மோகனப்பிரியா, ஒரத்தநாடு கால்நடைக் கல்லூரியில் கடைசி வருஷம் படிப்பவர். பெண் வீட்டாரிடம் 'தொடையில் சிராய்ப்பு' என்று சொல்லி வைத்திருந்தார்கள். சிராய்ப்புக்கு யாராவது இத்தனை நாள் ஆஸ்பத்திரியில் கிடப்பார்களா? ஊர் தன் பங்குக்குக் காதும் மூக்கும் வைத்து வேறு கதை கட்டிவிட்டிருந்தது. கல்யாணத்தை நிறுத்திவிடலாமா என்று பெண்ணின் தாய்மாமன்கள் கூடிப் பேசுகிற அளவுக்கு அது போயிருந்தது. மோகனப்பிரியா வீட்டுக்குத் தெரியாமல் பஸ் ஏறி வந்து, நேரே டாக்டரம்மாவின் அறைக்குள் நுழைந்தார்.

"டாக்டர், எனக்கு அனாடமி தெரியும். சுத்தி வளைக்காம சொல்லுங்க. அவருக்கு எங்க அடி, என்ன ஆகும்?"

"உங்களுக்கு அனாடமி தெரியும்மா, எனக்கு அனுமதி வேணும். அவர் என் பேஷண்ட். அவர் விஷயத்த அவரக் கேக்காம உங்ககிட்டயும் சொல்ல மாட்டேன், உங்க மாமாகிட்டயும் சொல்ல மாட்டேன். கட்டில் பக்கத்துல ஸ்டூல் இருக்கு. போய்க் கேளுங்க."

மோகனப்பிரியா போய் உட்கார்ந்தார். சபரிநாதன் வழக்கம்போலச் சுவர்ப் பக்கம் திரும்பினான். "செவுத்தையா கட்டிக்கப் போறீங்க?" என்று கேட்டார் அவர். வார்டில் ஃபேன் சத்தம்கூட நின்றுவிட்டது போல எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். சபரிநாதன் திரும்பினான்.

"கவட்டியில அடி, பிரியா" என்றான். "சதை போயிடுச்சு. பெரிய குழாய் தெரியுது. மத்தபடி ஊர்ல சொல்றது ஒண்ணுமில்ல. ஆனா கால் நிக்குமான்னு தெரியாது. நீ யோசிச்சுக்க."

"யோசிச்சிட்டுத்தான் பஸ் ஏறினேன்" என்றார் மோகனப்பிரியா. "இதையே நீங்க போன்ல சொல்லியிருந்தா பஸ் காசு மிச்சம். ஒரு மாட்டுக்கு வந்திருந்தா அதுகூட இந்நேரம் சொல்லியிருக்கும்."

மறைவாக நின்று கேட்டுக்கொண்டிருந்த டாக்டரம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் ஒட்டுக்கேட்டார் என்பதை இன்றுதான் வெளியில் சொல்கிறோம். நாங்களும் கேட்டோம் என்பதால் இதுவரை சொல்லவில்லை.

அறுவை சிகிச்சை விடியலில் ஆரம்பித்து மத்தியானத்தைத் தாண்டியது. வயிற்றுச் சதை மடலாக எழுந்து, அடி ஒட்டியபடியே திரும்பி, அடிவயிற்றுத் தோலுக்குக் கீழே வழி எடுத்துப் போய்த் துடிக்கும் நாளத்தின் மேல் பொருத்தமாக உட்கார்ந்தது. நுனியைப் பார்க்கக் கட்டுத்துணியில் ஒரு சின்ன சன்னல் விட்டிருந்தார்கள். அன்று சாயந்திரம் வரை நுனி நல்ல நிறத்தில் இருந்தது. டாக்டரம்மா பல நாளைக்குப் பிறகு வீட்டில் சூடாகச் சாப்பிட்டார்.

மறுநாள் காலையில் நுனி நீலம் பாரித்திருந்தது.

நீலாயதாட்சி போன் செய்து "மேடம், கடைமடை" என்றாள். அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. டாக்டரம்மா வந்த வேகத்தில் தலையில் ஒரு பக்கம்தான் பின்னல் இருந்தது. தியேட்டரைத் தயார் செய்யச் சொன்னார். உள்ளே குழாய் முறுக்கிக்கொண்டதோ, ரத்தம் கட்டி அழுத்துகிறதோ என்று அவர் மனம் ஆயிரம் வழியில் ஓடியது. நுனி செத்தால் நாளம் மறுபடி வெளியே தெரியும், அடுத்த மடலுக்கு அந்தப் பக்கத்து வயிற்றில் சதை இல்லை. தன் கைக்குத் தப்பு நேர்ந்துவிட்டதோ என்று அவர் பயந்தார். அவர் பயந்து நாங்கள் பார்த்தது அந்த ஒரு முறைதான். துரைராசுவும் வெளிறிப்போய்க் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கடைமடையில தண்ணி இல்லைன்னா கடைமடையில நின்னு பாத்துப் பிரயோசனமில்ல. தலைமடையிலேர்ந்து வருவோம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, போர்வையை மேலிருந்து விலக்கினார். அடிவயிற்றில், மடலின் ரத்தக்குழாய் திரும்புகிற அதே இடத்துக்கு மேல், கட்டுக்கும் மேலாக, இறுக்கி முடிந்த புத்தம்புதுச் சிவப்பு அரைஞாண் கயிறு.

"இது யாரு கட்டினது?"

கட்டில் கால் பக்கமிருந்து துரைராசுவின் குரல் வந்தது.

"நாந்தாங்க, டாக்டரம்மா. பொணத்துக்குத்தானே அரணாக்கயித்த அறுப்பாங்க. ஆபரேசன் முடிஞ்சு வந்தவன் இடுப்பப் பாத்தேன், வெறுமையா இருந்துச்சு. கடைத்தெருவுக்கு ஓடிப்போய் வாங்கியாந்து, போர்வைக்குள்ள கைய விட்டுக் கட்டிட்டேன். அவுந்துடக் கூடாதுன்னு இறுக்கித்தான் கட்டினேன்."

கேஜ் வீலுக்குத் தப்பியதைக் கயிறு கொண்டுபோகப் பார்த்தது. நீலாயதாட்சிக்கு நாக்கு நுனிவரை திட்டு வந்துவிட்டது. டாக்டரம்மா கையைக் காட்டி நிறுத்தினார். அவருக்கும் கோபம் வந்தது உண்மைதான், ஆனால் அந்த மனிதர் மேல் வரவில்லை. "தியேட்டர்ல பழைய கயித்த அறுத்தப்ப அப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கணும். சொல்லாம அறுத்தா அவரு என்ன நெனப்பாரு?" என்று எங்களைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தார்.

"ஐயா, இத நான் இப்ப அறுக்கப் போறேன். நீங்க நெனைக்கிற மாதிரி இல்ல. மதகு மூடிக் கெடக்கு, அதத் தொறக்கறேன். அறுக்கட்டுமா?"

துரைராசு கண்ணை மூடிக்கொண்டார். "அறுங்கம்மா."

அறுத்தார். அறுத்த கயிற்றைக் கீழே போடவில்லை. அதை எடுத்துச் சபரிநாதனின் மணிக்கட்டில் சுற்றி, இரண்டு விரல் புகும்படி தளர்வாக முடிந்தார். "உயிரோட இருக்காருங்கறத இது கையிலேர்ந்து சொல்லட்டும். இடுப்புக்குப் போற நாள் வரும்" என்றார். நுனியில் இரண்டு தையலையும் தளர்த்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

விரலால் அழுத்தி எடுத்தால் தோல் வெளுத்து, பிறகு மெல்லச் சிவக்க வேண்டும். அழுத்தினார், பார்த்தார். மறுபடி அழுத்தினார். வெளி நோயாளிகள் காத்திருக்கிறார்கள் என்று ஒருவர் சொல்ல வந்து, சொல்லாமல் போனார். தியேட்டர் தயாராகக் காத்திருந்தது. டாக்டர் உலகநாதன் வாசலில் நின்று ஆறிப்போன டீயைக் குடிக்காமலே பிடித்துக்கொண்டிருந்தார். நீலம் ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல விலகத் தொடங்கியது. துரைராசு கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"கடைமடைக்கு வந்துச்சாம்மா?"

டாக்டரம்மா இன்னொரு முறை அழுத்திப் பார்த்தார். "வந்துச்சு" என்றார்.

பிறகு எழுந்து போய்க் குழாயடியில் வெகுநேரம் முகம் கழுவினார். அழுதீர்களா என்று கேட்டால் சோப்பு கண்ணில் பட்டுவிட்டது என்பார். ஆஸ்பத்திரி சோப்பில் நுரையே வராது என்பது எல்லாருக்கும் தெரியும்.

அன்றிலிருந்து எங்கள் வார்டில் ஒரு வழக்கம். ஆபரேசனுக்கு முன் அரைஞாண் கயிற்றை அறுக்க வேண்டுமானால் வீட்டாரிடம் சொல்லித்தான் அறுப்போம். அறுத்ததைக் குப்பையில் போட மாட்டோம், மணிக்கட்டில் கட்டுவோம், இரண்டு விரல் புகும்படி. இது எந்த மருத்துவப் புத்தகத்திலும் இல்லை. பார்க்க வருகிற பெரிய டாக்டர்கள் "இது என்ன சாமிக் கயிறா?" என்று கேட்பார்கள். "இல்ல சார், எங்க புரோட்டோகால்" என்று நாங்கள் முகத்தில் சிரிப்பு வராமல் சொல்வோம்.

தையில் வைத்த கல்யாணம் பங்குனிக்குத் தள்ளிப்போனது. வீட்டுக்குப் போகிற நாளில் துரைராசு கயிற்றை இடுப்புக்கு மாற்றிக் கட்டினார். எங்கே கட்ட வேண்டும், எங்கே கட்டக் கூடாது என்று டாக்டரம்மா விரல் வைத்துக் காட்டினார். மணவறையில் சபரிநாதன் தானே ஏறி, தானே சம்மணமிட்டு உட்கார்ந்தான். தாய்மாமன்கள் முன்வரிசையில் உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள். டாக்டரம்மா பந்தியில் உட்காரும் முன்பே ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்துவிட்டது. பாயசம் மட்டும் நின்றபடி குடித்துவிட்டு வந்தார்.

அவரை முழுக்கப் புகழ்ந்துவிட்டால் நீதி ஆகாது. கை கழுவாமல் கட்டைத் தொட்டவர்களை அவர் திட்டிய திட்டு பழைய பஸ் ஸ்டாண்ட் வரை கேட்டிருக்கிறது. லீவு கேட்டுப் போனால் "யாருக்குக் கல்யாணம்? அன்னிக்குச் சொன்ன அதே தங்கச்சிக்கா?" என்று கேட்பார். திருவையாற்று ஆராதனைக்கு முழு நாள் போய்ப் பாட்டுக் கேட்கப் போகிறேன் என்று ஒவ்வொரு தையிலும் சொல்லுவார். ஒவ்வொரு தையிலும் யாராவது ஒருவன் கையையோ காலையோ எதிலாவது விட்டு அவரைத் திருப்பி அழைத்துவிடுவான். வருகிற தையில் ஊரார் அனைவரும் தங்கள் கைகால்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும்படி இந்த மடல் மூலம் கேட்டுக்கொள்கிறோம்.

இன்று இந்த மண்டபத்தில் விருந்து. இலை எங்கே வாங்குவது என்று நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே காலையில் ஒரு வண்டி வந்து நின்றது. துரைராசு இறங்கினார், பின்னாலேயே கட்டுக் கட்டாகத் தலைவாழை இலை. "இந்தத் தடவ சரியாத்தான் கொண்டாந்திருக்கேன், சிஸ்டரு. எலைதானே கேட்டீங்க?" என்றார். நாங்கள் கேட்கவேயில்லை. கட்டுகளைத் தோளில் சுமந்து சமையல் கட்டுக்குக் கொண்டுபோனது சபரிநாதன், மாடிப்படி ஏறி. கால்நடை மருத்துவர் மோகனப்பிரியா அவர்கள் தம் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மூன்றாம் வரிசையில் இருக்கிறார். அந்தப் பிள்ளை உட்கார மறுத்து ஆடிக்கொண்டிருப்பதை டாக்டரம்மா இங்கிருந்தே பார்க்கலாம்.

கதை முடிந்தது. இனி அந்த ஒரு முறை. டாக்டர் உலகநாதன் அவர்களே, கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அம்மா, நீங்கள்தான் அந்த டாக்டரம்மா.

எதை அறுத்தாலும் உரியவரிடம் சொல்லிவிட்டு அறுக்க வேண்டும், அறுத்ததைக் கீழே போடக் கூடாது என்பது நீங்கள் வைத்த வழக்கம். உங்களுக்கும் இந்த வார்டுக்கும் இடையே இத்தனை காலம் இருந்த கயிற்றை இன்று வயது என்ற கத்தரிக்கோல் அறுக்கிறது. எங்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்போம். ஆகவே நீங்கள் கற்றுக்கொடுத்ததையே செய்கிறோம். இதோ நீலாயதாட்சி சிவப்புக் கயிற்றோடு மேடைக்கு வருகிறாள். கையை நீட்டுங்கள். பொன்னாடை கிடையாது, அது உலகநாதன் வீட்டில் இருக்கிறது. இரண்டு விரல் புகும்படிதான் கட்டுவாள், பயப்பட வேண்டாம்.

தலை முதல் கால் நுனி வரை தடையில்லாமல் ரத்தம் ஓட, தையெல்லாம் உங்கள் காதுக்குப் பாட்டு வந்து சேர, பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரை பொறுமையாகச் சாப்பிட்டு, எங்கள் பிள்ளைகளின் கல்யாணத்துக்கெல்லாம் முன்வரிசையில் இருந்து நெடுநாள் நிறைவாய் வாழ வேண்டுகிறோம். சட்டம் போட்டு உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டப் போகிற இந்த மடல் உரித்த மடல் அல்ல. இதன் அடி இங்கே ஒட்டியே இருக்கிறது.

நாளைக் காலை ரவுண்டில் நீங்கள் இருக்க மாட்டீர்கள், உங்கள் கடைமடைக் கேள்வி இருக்கும். இன்று மட்டும் அதை நீங்களே ஒரு முறை கேளுங்கள். இத்தனை வருஷம் தலைமடையில் நின்று நீங்கள் திறந்துவிட்டது இந்த மண்டபத்தின் கடைசி வரிசை வரை, வாசலில் செருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும் வாட்ச்மேன் வரை வந்து சேர்ந்ததா என்று கேளுங்கள். கேட்கும் முன்பே பதிலை எழுதி வைத்துவிட்டோம்.

வந்துச்சு, டாக்டரம்மா.

கை கழுவிய பிறகே கையொப்பமிடும்,
ஒட்டுறுப்பு அறுவைப் பிரிவு மருத்துவர்கள், செவிலியர், தியேட்டர் பணியாளர், ஆயாக்கள், வார்டு ஊழியர் அனைவரும்
தஞ்சாவூர்